இருபத்தெட்டு

நார்த்டேல் மருத்துவமனை. மணி பதினொன்று ஆகப்போகிறது.
டாக்டர் ம்தெம்பு என் வலக்கையை வாங்கி
விரல்முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்துகிறார்,
சந்தையில் அவகாடோ அமுக்கிப் பார்க்கிறவர் மாதிரி.
அவருடைய கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரைதான் அழுத்த வேண்டுமாம்.
அதற்கு மேல் அழுத்தினால்
யாருக்கும் வலிக்குமாம்.

இது?
வலிக்கிறது.
இது?
வீக்கம் மட்டும்.
தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு,
விரல்களில் இருபது, முழங்கால் இரண்டு.
இருபத்தெட்டு. பேனாவை மூடிவிட்டார்.

பாதம், டாக்டர்?

பாதம் இந்தக் கணக்கில் சேராது, மிஸஸ் குப்பன்.

பதினேழு வருஷம் காலணித் தொழிற்சாலையில்
கடைசி மேஜையில் நின்றவள் நான்.
ஜோடி ஜோடியாய் வரும்.
இடதுக்கும் வலதுக்கும் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்
சிவப்புச் சாக்கட்டியால் ஒரு கோடு, தூக்கிக் கூடையில் போடு.
மேரிட்ஸ்பர்க் பிள்ளைகள் எத்தனையோ பேர்
நான் பார்த்துவிட்ட காலணியில் பள்ளிக்கூடம் போனார்கள்.
என்னிடம் வந்து பாதம் சேராது என்கிறார்.
சிரித்துவிட்டேன்.
வலி குறைந்ததென்று நினைத்து அவரும் சிரித்தார்.

அடுத்து சிஸ்டர் தான்டேகாவின் படிவம்.
சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியாது.
நாலு கட்டம்.

நிரம்பிய கோப்பையை வாய்வரை தூக்க முடிகிறதா?
தெரியாது, சிஸ்டர். மூன்று வருஷமாக
தயாளன் எனக்குப் பாதிதான் ஊற்றுகிறார்,
ஒரு வார்த்தை பேசாமல்.
அது எந்தக் கட்டம்?

இறைச்சி வெட்ட முடிகிறதா?
புரட்டாசி முடியட்டும், சொல்கிறேன்.

காலையில் விறைப்பு எவ்வளவு நேரம்?
போன வருஷம் கெட்டில் மூன்று தடவை கொதிக்கும் நேரம்.
இப்போது ஒன்று.
மின்சாரம் நிறுத்துகிற நாட்களில்
எனக்கே கணக்குத் தெரிவதில்லை.

இரவில் தூக்கத்தில் அவர் கை என் விரல்மேல் விழும்.
மெல்ல எடுத்து அந்தப் பக்கம் வைப்பேன்.
விடிந்ததும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.
இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு கோடு.
பத்து சென்டிமீட்டர், ஒரு முனை மிக நன்று,
மறுமுனை மிக மோசம்.
இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள், ஒரு குறி போடுங்கள்.
முப்பதில் போடத்தான் நினைத்தேன்.
பேனா வழுக்கி முப்பத்தெட்டில் நின்றது.
சிஸ்டர், அது கை செய்த பிழை.
அதைத்தானே அளக்கிறோம் என்றாள் அவள்.

ஒரு மணி நேரத்தில் என் இரத்தம்
குழாய்க்குள் எவ்வளவு இறங்கியதென்ற தாளும் வந்தது.
எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கி, மூலம் எடுத்து,
மூன்று புள்ளி ஒன்று என்றார் டாக்டர்.
போன வருஷம் ஐந்து புள்ளி எட்டு. எழுந்து நின்று சொன்னார்.
அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.
எனக்கும் சந்தோஷம்தான்.
புதன்கிழமைதோறும் எட்டு மாத்திரை,
வியாழன் முழுக்கக் குமட்டல்,
அதற்கெல்லாம் ஒரு எண்ணாவது இறங்க வேண்டாமா?
ஆனால் ஐந்து புள்ளி எட்டில் எனக்கு வேலை இருந்தது.
மூன்று புள்ளி ஒன்றில் இல்லை.

வெளியே வரும்போது சிஸ்டர் தான்டேகாவின் காலைப் பார்த்தேன்.
கறுப்புக் காலணி. எங்கள் மேஜை தாண்டிப் போனதுதான்.
இடது குதியில் தையல் ஒரு நூல் விலகியிருந்தது.
நான் விட்டிருக்க மாட்டேன்.
எனக்குப் பின்னால் வந்தவள் விட்டிருப்பாள்.
காலைமுதல் அதில்தான் நிற்கிறாள், லேசாக வலப்பக்கம் சாய்ந்து.
வலிக்கிறதா என்று கேட்டேன்.
எனக்கா என்றாள்.

டாக்சி வந்தது. கதவு இறுகியிருந்தது.
விரல் வேண்டாம், மணிக்கட்டு வேண்டாம்,
முழங்கையும் அந்த இருபத்தெட்டில் உண்டு.
இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். திறந்துகொண்டது.
இடுப்பு
கணக்கில் இல்லை.