நீர் என்றுதான் கேட்டது

நந்தி வீட்டு ரேடியோவுக்கும் எங்களுக்கும் நடுவே
ஐந்தங்குலச் செங்கல் சுவர்.
பாட்டு அதில் வடிகட்டி வரும்:
தபலா முழுசாக, குரல் பாதியாக,
சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

நைஹாட்டியில் எங்கள் சந்துக்குச்
சணலாலைச் சங்குதான் கடிகாரம்.
வெள்ளிக்கிழமை இரண்டாம் சங்கு ஊதி
அப்பாவின் சைக்கிள் திரும்பும் நேரம்
நேயர் விருப்பம் தொடங்கும்.
கேரியரில் பழைய வருகைப் பதிவேட்டின் தாள்கள்.
ஒருபக்கம் ஆள் பெயர், டோக்கன் எண்,
மறுபக்கம் வெறும் வெள்ளை.
அந்த வெள்ளை எங்களுடையது,
எனக்கும் ஹாபுலுக்கும்.
வரைந்து முடித்து வெளிச்சத்தில் பிடித்தால்
என் ஆற்றுக்குள் வரிசையாக ஆட்கள் தெரிவார்கள்,
சிலர் பக்கத்தில் சிவப்புச் சுழி, லீவு.

வர்ணம் வாங்கக் காசில்லை என்று
யாரும் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.
மஞ்சள் சமையலறையில் இருந்தது.
சிவப்பு, அம்மா காலுக்குப் பூசும் ஆல்தா.
துணிக்குப் போடும் சொட்டு நீலம்.
ஊதாவுக்கு வேலியோரம் கொடிப்பசலைப் பழம்,
நசுக்கினால் மணிக்கட்டு வரை ஓடும்,
மூன்று நாள் போகாது,
பள்ளியில் கையை நீட்டச் சொன்னால்
பிரம்புக்கு முன்பே நிறம் தெரியும்.

சோகப் பாட்டு வந்தால்
நந்தி வீட்டு மருமகள் சத்தத்தைக் கூட்டுவாள்.
சந்தோஷப் பாட்டுக்குக் குறைப்பாள்.
ஏன் என்று கேட்கும் வயதில்லை எங்களுக்கு.
காதை ஒட்டி நிற்போம்,
கன்னமெல்லாம் சுண்ணாம்பு.

சினிமாக் கொட்டகை ரயில்பாதைக்கு அந்தப்புறம்.
போனதில்லை.
கதாநாயகி குட்டையா நெட்டையா,
அவள் நிற்பது மாடியிலா படகிலா,
யார் விட்டுப் போனார்கள், ஏன் அழுகிறாள்,
ஒன்றும் தெரியாது.
பாட்டுக்குப் படம் நாங்களே போட்டோம்.

அந்தப் பாட்டு வந்த வெள்ளிக்கிழமை
எங்கள் ஸ்டவ் வேறு சீறிக்கொண்டிருந்தது.
குரல் மேலே போய் ஒரு சொல்லைத் தொட்டு
அங்கேயே கொஞ்சம் நின்றது.
நீர், என்றேன் நான்.
இல்லை, என்றான் ஹாபுல், கூடு.

எங்கள் மொழியில் நீர் நீர்தான்.
கடைசி எழுத்துக்கு நாக்கை மடித்தால்
அதுவே பறவையின் கூடு.
அம்மாவைக் கேட்டோம், எது?
அவள் பத்மாவுக்கு அக்கரையில் பேசப் பழகியவள்,
அவள் நாக்கு எதற்கும் மடியாது.
இரண்டுக்கும் ஒரே ஒலியைச் சொல்லிவிட்டுப்
பருப்பைக் கிளறப் போனாள்.

நான் தாள் நிறைய நீலத்தைக் கொட்டினேன்.
அவன் அதே தாளின் மேல்மூலையில்
ஆல்தாக் குச்சியால் சுள்ளி சுள்ளியாக இழுத்தான்.
என் நீர் ஏறியது அவன் கூட்டுக்குள்.
அவன் முழங்கை என் நீரில்.
அடிதடி. கிழிசல்.
மறுநாள் அந்தத் தாளில் பொரி கட்டிக்கொண்டு போன அப்பா
மாலையில் உதடு சிவந்து திரும்பினார்,
வெற்றிலை போட்டவர்போல.

போன மாதம் சின்சுரா போகும் படகில்
முன்பெஞ்சுப் பையனின் போனில் அந்தப் பாட்டு.
சுவர் இல்லை. ஸ்டவ் இல்லை.
பாடகி நாக்கை மடித்தாள்,
நன்றாகவே கேட்டது.
கூடு.
ஐம்பது வருஷம் நீரில் இருந்துவிட்டேன்.

இறங்கியதும் ஹாபுலைக் கூப்பிட்டேன்,
துர்காபூரில் மூட்டுவலியோடு இருக்கிறான்.
நீதான்டா ஜெயிச்சே, கூடுதான், என்றேன்.
மறுமுனையில் ஏதோ கொறிக்கும் சத்தம்.
கூடு நீயல்லவா சொன்னது, என்கிறான்,
நான் போட்டது ஆறு,
நீலம் தீர்ந்துபோச்சுன்னு அம்மா அடிச்சாளே,
அந்த அடி என் முதுகில்தானே விழுந்தது?

அடி விழுந்தது எனக்கு.
அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.
டிக்கெட் கிழிப்பவர் பார்த்துக்கொண்டே இருந்தார்,
அடுத்த படகு நிரம்பிப் போனது,
நாங்கள் விடவில்லை.
சாட்சிக்காக மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன்.
அதுவும் தப்பு என்றான்,
அந்த இடத்தில் குரல் ஏறாது,
இறங்கும் என்றான்.