காலி எடை

வேலந்தாவளம் எடைமேடையின் கண்ணாடிக் கூண்டில்
அத்தா சோறு தின்னப் போன முக்கால் மணி நேரம்
நான்தான் பொறுப்பு.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து
ஓரிடத்தில் நிற்கும்.
நின்ற பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும்.
மொத்த எடையில் காலி எடை போனால் சரக்கு.
இங்கே கணக்கு என்பது இவ்வளவுதான்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் பள்ளிக்கூடப் படிவம்.
கைவிட விரும்பும் பாடம் என்று ஒரு வரி,
எதிரே என் சுண்டுவிரல் நீளத்துக்குக் கோடு.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்.
அதற்கு மேல் பட்டியல் போய்விடும்,
போனால் போனதுதான் என்றார் கிளார்க் சசிதரன்
மலையாளத்தில்,
ரயிலைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆறாவது பாடமாகக் கணிதத்தை எடுத்தவள் நான்தான்.
யாரும் பிடித்துத் தள்ளவில்லை.
உயிரியல் பிள்ளைகள் ஐந்தோடு பஸ் ஏறிப் போக
நானும் ஜெஸ்வினும் மட்டும் மாடியில்,
காலி பெஞ்சுகளுக்கு நடுவே
தொகையீட்டின் நீண்ட கொக்கியைப் பார்த்துக்கொண்டு.
அரையாண்டில் எண்பதுக்கு முப்பத்தொன்று.
அதைப் பார்த்த வேதியியலும் பயந்துபோய்
தன் பங்குக்குப் பத்து இறங்கிற்று.

ஜெஸ்வின் போன வாரமே விட்டுவிட்டான்.
‘ராத்திரி முழுக்கத் தூங்கினேன் ஷஹர்பான்’ என்றான்.
கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது முகம்.
எனக்குப் பொறாமையாகவும் இருந்தது,
கொஞ்சம் கேவலமாகவும். யாரை என்று தெரியவில்லை.

ஏழு கல்லூரிகளின் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.
நாலு கோவைப் பக்கம், மூன்று திருச்சூர்ப் பக்கம்.
சாவடிக்கு இந்தப் புறமும் கணக்குக் கேட்கிறவர்கள் உண்டு,
அந்தப் புறமும் கேட்காதவர்கள் உண்டு.
கேட்கிற மூன்றை அடித்துப் பார்த்தேன்.
மறுபடி எழுதினேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்துவிட்டது.

ஒன்பதரைக்கு ஒரு தேங்காய் வண்டி,
இறக்கிவிட்டுக் காலியாக வந்து ஏறியது.
ஐம்பது கிலோ இடிக்கிறதென்று
டிரைவர் கூண்டைத் தட்டுகிறார்.
போன மாதச் சீட்டைக் காட்டுகிறார்:
இதே வண்டி, இதே காலி, ஐம்பது குறைவு.
காலி கூடினால் சரக்குக் குறையும், வாடகை குறையும்,
யார் தருவது?
தார்ப்பாயில் தேங்கிய மழை, டயரில் சேறு,
டாங்கியில் எத்தனை லிட்டர், லிட்டருக்கு எத்தனை கிராம்
என்று மனசுக்குள்ளேயே போட்டேன்.
முப்பத்தொன்று வாங்கியவள்தான், சரியாகத்தான் வந்தது.
ஐம்பது மட்டும் வரவில்லை.
டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால்
கேபினில் போர்வைக்குள் கிளீனர்.
வாய் திறந்த தூக்கம். என் வயசுதான் இருக்கும்.
எழுப்பி இறக்கினோம்.
மேடைக்கு வெளியே நின்று அவன் கண்ணைக் கசக்க
எண்கள் ஐம்பது இறங்கி நின்றன.
டிரைவர் சிரித்தார். நானும்.
எதற்கென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
மேட்டில் ஏறுகையில் வண்டி கடகடத்தது.
பாரம் ஏற்றியபோது இவ்வளவு சத்தம் போட்டிருக்காது.

அத்தா ஈரக்கையோடு வந்தார்.
படிவத்தை விளக்குக்கு நேரே பிடித்தார்.
‘விடப் போறியா?’
‘தெரியல அத்தா.’
‘தெரியாமலா தாளை வாங்கிட்டு வந்தே?’
அடியில் கையெழுத்துப் போட்டார்.
பழக்கதோஷம், பக்கத்தில் நேரமும் போட்டார்: 21.50.
மேலே கோடு காலியாகவே இருந்தது.
நான் எதை எழுதினாலும் அவர் ஒப்புக்கொண்டாயிற்று.
ஒரு திட்டு வாங்கியிருந்தால்
சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மூணே முக்கால்.
அலுவலகச் சன்னலில் தாளை வைத்து
கணிதம் என்று எழுதினேன்.
கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன், நடுங்கவில்லை.
சசிதரன் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இதென்ன இருபத்தொன்று ஐம்பது என்று கேட்டார்.
எடை போட்ட நேரம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

மாடிப்படி பாதி வரை ஏறிவிட்டேன்.
பிறகுதான் ஞாபகம் வந்து
இறங்கினேன்.