கூட்டக் குறிப்பு, ஏழாங்கட்டை

கையெழுத்து அழகாம். அதனால்
பொதுமண்டபத்து மூன்றாவது காற்றாடிக்குக் கீழே
என்னை உட்கார்த்திவிட்டார்கள்.
சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் ஆள் வேகும்.
சாவிக்கொத்தைத் தாள்மேல் வைத்துக்கொண்டு
எழுதத் தொடங்கினேன்.

பொருள் ஒன்று:
உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு ஒரு குடிமக்கள் பணிக்குழு
வேண்டுமா, வேண்டாமா.

வேண்டும் என்றார் லோரி சங்கிலிமுத்து.
ஆலை மூடிய பிறகு செம்பனைக் குலை
நம் ஊர் வழியாகப் போகிறதே தவிர
நம் ஊரில் நிற்பதில்லை.
உங்கள் லோரியும்தான் என்றது பின்வரிசை.
அதை எழுதவில்லை.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மேகநாதன்
பழைய புகைக்கூடத்தை விடுதியாக்கலாம் என்றான்.
வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள்,
ரப்பர்ப் பால் வாசம் அவர்களுக்குப் புதுசு.
குணவதி கேட்டாள்:
"அந்த வாசத்துக்குக் காசு குடுப்பாங்களா?
அது போகணும்னு நாங்க சவுக்காரத்துக்குக் குடுத்தோம்."

ஆ செங், இரும்புக்கடை,
நம்மில் பலரைவிட நல்ல தமிழ்,
விரல் விட்டு எண்ணினார்:
பதினாறு கடையில் ஒன்பது பூட்டு.
மிச்சம் ஏழில் ஒன்று
வங்காளதேசத்துக்குப் பணம் அனுப்புவது,
இரண்டு கைப்பேசிக்குக் காசு ஏற்றுவது.
"ஞாயித்துக்கிழமை அந்தப் பையனுங்க
பட்டணம் இறங்கலேன்னா
இருக்கிற ஆணிய என் கடைக் கதவுலதான் அடிக்கணும்."

அவர்களை இங்கே யாரும் கூப்பிடவில்லை.
பெயரிலேயே இருக்கிறதே, குடிமக்கள்.

கள்ளுக்கடை மூடியதிலிருந்து
ஊரில் குடிமக்களே இல்லை என்றான் எவனோ.
தலைவர் மேசையைத் தட்டினார்.
அதுவரை அந்தச் சொல்லை
ஒரே இழுப்பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தனபாக்கியம் அக்கா
தட்டைக் கீழே வைத்தாள்.
கூட்டத்துக்கு வந்தவள் இல்லை, வடை கொண்டுவந்தவள்.
"ஒண்ணு கேக்கணும்.
இந்தக் கொமிட்டியில நான் சேரலாமா?
எனக்குச் செவப்பு ஐசி."

காற்றாடி மட்டும் பேசியது.

இதே ஏழாங்கட்டையில், ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தவள்.
பிறப்பைப் பதியப் போன தகப்பன்
பாலத்தின்மேல் வெள்ளம் போவதைப் பார்த்து
நாளைக்கு வரலாம் என்று திரும்பினார்.
அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை.
கடை லைசென்ஸ் மருமகன் பேரில்,
வேன் மருமகன் பேரில்,
மாவுக்கடன் மட்டும் அவள் பேரில்.

சட்டத்தில் இடம் பார்க்க வேண்டும் என்றார் தலைவர்.
சிறப்பு அழைப்பாளராக வரலாமே என்றார் செயலாளர்.
பெயரை ஊர்ப் பணிக்குழு என்று மாத்துங்க என்றாள் குணவதி.
மாவட்ட அலுவலகப் பாரத்தில்
அதற்குக் கட்டம் இல்லை என்று மேகநாதன்
கணினியைத் திருப்பிக் காட்டினான்.
பொய் இல்லை. கட்டம் இல்லைதான்.
ஆ செங் எழுந்து ஏதோ சொல்ல வந்தார்,
சங்கிலிமுத்துவும் எழுந்தார்,
இரண்டு பேர் பேசினால் எப்படி எழுதுவது?

நல்ல சூட்டில் இருந்தபோது
பூப்பந்துப் பையன்கள் வலையோடு வந்துவிட்டார்கள்.
பத்து மணியிலிருந்து மண்டபம் அவர்களுக்கு,
பணம் கட்டியிருக்கிறார்கள்.
"லாமா லாகி கா, அங்கிள்?"
வாசலிலிருந்து மரியாதையாகக் கேட்டான் ஹபிஸ்.

தீர்மானம்: ஒத்திவைப்பு.

செலவு என்ற இடத்தில்
வடை ஐம்பது, தேத்தண்ணி ஒரு பெரிய தூக்கு,
அறுபத்தெட்டு வெள்ளி என்று எழுதினேன்.
அன்றிரவு எங்கள் ஊரில் நடந்த ஒரே வியாபாரம்.
பெறுநர் பெயர் என்று ஒரு கோடு கிடந்தது.
மருமகன் பேரைப் போடு என்றாள் அக்கா,
எண்ணெய்த் தாளை மடித்தபடி.

பின்னால் வலையை இழுத்துக் கட்டுகிற சத்தம்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
தனபாக்கியம் என்று எழுதினேன்,
இழுப்பு இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாய்.

மூன்று வாரம் ஆகிறது.
தலைவர் இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை.
அறுபத்தெட்டு வெள்ளியும் வரவில்லை.