பதினோராம் அறையின் மீன்

முக்கால் தொட்டி எப்போதும் காலி.
எல்லாருக்கும் வேண்டியது
அடியில் அந்த இரண்டு விரற்கடை மணல்.

தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜ்,
ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்.
வரவேற்பறைத் தொட்டி முனவ்வர் பாய் வாங்கியது.
"எல்லாமே தரையில கெடக்குற ஜாதி,
சண்டை வராது பாய்" என்று
தலைக்கு ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருக்கிறான் கடைக்காரன்.
தரையில் கிடப்பவர்களுக்குள்
வராத சண்டையா.

முதல் வாரமே பளபளப்புக் கல்லை அள்ளிக் கொட்டினேன்.
கூரில் உரசி உரசி
கோரியின் மீசை அடியோடு தேய்ந்திருந்தது.
மீசைதான் அதற்கு மூக்கு, நாக்கு, கைத்தடி.
பாலாற்று மணல் ஒரு பக்கெட் போட்டேன்
(எப்படி வந்ததென்று கேட்காதீர்கள்);
ஒன்பது தண்ணீர் அலசியும்
இரண்டு நாள் கலங்கலாகவே நின்றது.

ஒற்றைக் கோரி சாகாது, ஆனால் வாழாது.
இன்னும் ஐந்து வாங்கினேன், என் காசில்.
ஆறும் சேர்ந்து மணல் கிளறும்போது
திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து
ஒரு வாய் காற்று வாங்கி இறங்கும்,
வார்டிலிருந்து டீக்கு ஓடி வருகிற துணையாள் மாதிரி.

பானை ஓடு சக்கருக்குப் பட்டா.
இரண்டாவது சக்கர் வந்த இரவே
வால் கிழிந்து காட்பாடிக்குப் போய்விட்டது,
ஒரு டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கு.
தலைகீழ் மீனோடு மட்டும் யாருக்கும் வழக்கில்லை.
பானையின் கூரைதான் அதற்குத் தரை.
அப்படி நாலு பேர் வாடகைக்குக் கிடைத்தால்
மின்விசிறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுப்பேன்.

விளக்கை அணைத்த பிறகுதான் தீனி.
இரண்டு மூலையிலும், ஒரே நொடியில்,
இரண்டு கையாலும் போட வேண்டும்.
ஒரு கை பிந்தினால்
ஆறு பேர் பட்டினி.

அக்னி நட்சத்திரத்தின் ஐந்தாம் நாள்.
தண்ணீரில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.
பதினோராம் அறை பிமலேந்து
நீர் கட்டிய கவரோடு வந்து நின்றார்.
உள்ளே கறுப்பாய், உயிரோடு, ஒரு தேளி.

மார்க்கெட் முழுக்கத் தேடியிருக்கிறார்.
மிளகாய் சேர்க்காமல், சீரகமும் வாழைக்காயும் போட்டு
மனைவிக்குக் குழம்பு வைக்க.
ஆபரேஷனை முன்னால் தள்ளிவிட்டார்களாம்;
இனி அவர்கள் சொல்லும்வரை
அவள் வாயில் ஒன்றும் படக்கூடாது.
அவர் இந்தியும் என் இந்தியும்
ஆளுக்கு அரைக் காலில் நின்றன.
ஒரு விரல் காட்டினார், ஒரு ராத்திரி.
பிறகு தொட்டியைக் காட்டினார்.

தேளியின் பக்க முள் பட்டால்
முழங்கை வரை எரியும்.
அதன் வாய்க்குள் என் கோரி தாராளமாகப் போகும்,
போய், முள்ளை விரித்துத் தொண்டையில் நிற்கும்.
இரண்டும் சாகும்.
இதை எந்த பாஷையில் சொல்வது.
"இடம் இல்லை" என்பது மட்டும்
எனக்கு ஏழு பாஷையில் தெரியும்.

பூங்கோதை தரை துடைக்கும் நீலப் பக்கெட்டைக்
கழுவி எடுத்தேன்.
உள்ளே ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய்.
மேலே கொசுவலை, அதன் மேல் செங்கல்.
பழக்கதோஷத்தில் கை தானாக
பேரேட்டில் எழுதிவிட்டது:
அறை 11, கூடுதல் ஆள் 1.

அவர் அறைக்குப் போகவில்லை.
பக்கெட் பக்கத்தில் நாற்காலி போட்டு
அது மேலே வந்து காற்று குடிக்கும் ஒவ்வொரு தடவையும்
வங்காளத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்.
நாற்பதுக்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.

நாலாம் நாள் கண் சிவந்து வந்தார்.
ஒரு ஸ்பூன் தண்ணீர், என்றார்,
கையாலேயே ஸ்பூன் செய்து காட்டி.
மீன் இன்னும் இல்லை.

தேளி குழாய்க்குள் சௌக்கியம்.
தினம் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன்.
"என் பக்கெட்டு எப்ப வரும்?"
பூங்கோதை தினமும் கேட்கிறாள்.
டாக்டரைத்தான் கேட்கணும், என்கிறேன்.