நாற்பத்தொன்று

கெர்னலே,
கண் விழித்ததும் நீ கேட்கப்போகும் கேள்விக்கு
முன்கூட்டியே பதில் எழுதுகிறேன்.
ஓவுலு நகரம், காலை ஒன்பது, கும்மிருட்டு.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு.

செருகினால் தன் பெயரைத் தானே சொல்லும்
சாதனங்கள் உண்டு.
நினைவகத்தின் காவலாளி அந்த ரகமல்ல.
கூப்பிட்டால் குரல் தரமாட்டான்.
எந்தத் தெரு, எத்தனையாவது கதவு என்று
யாராவது உன் கையில் எழுதித் திணிக்க வேண்டும்.

எழுதினேன்.
தொடங்கும் முகவரி. நீளம், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
கடிகாரங்கள் இரண்டு.
பிழை நேர்ந்தால் அடிக்க வேண்டிய மணியின் எண்: நாற்பத்தொன்று.
அடைப்புக்குறி. அரைப்புள்ளி.
கடைசியில், ஆசைக்கு ஒரு வரி:
முழு வேகத்தில் ஓடு.

பர்னோவிலிருந்து டிரஹோமீரா திருப்பி அனுப்பினாள்.
முகம் பார்த்ததில்லை, அவள் சிவப்பு மையை மட்டும் தெரியும்.
"இருப்பதைச் சொல்.
செய்ய வேண்டியதை அது பார்த்துக்கொள்ளும்.
வேகம் வன்பொருள் அல்ல, உன் விருப்பம்.
பிறகு, 'புதிய' என்று பெயர் வைத்திருக்கிறாய்.
அடுத்த வருடம் என்ன செய்வாய்?"

இரண்டு காபி குடிக்கும்வரை கோபமாக இருந்தேன்.
அடித்தேன் அந்த வரியை.

மதியம் தாவெத்தி பலகையைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தான்.
தொண்ணூறு டிகிரி.
நினைவு என்றால் சேமிப்பு என்றுதான் இத்தனை நாள் எண்ணம்.
இல்லை, ஓட்டைக் கிண்ணம்.
நொடிக்குப் பதினைந்து தரம் மறுபடி ஊற்ற வேண்டும்,
சூடு ஏறினால் முப்பது.
நாங்கள் வேண்டுமென்றே ஊற்றுவதைக் குறைத்தோம்.
எதிர்பார்த்தபடி
ஒன்றுகள் பூஜ்யங்களாக உதிர்ந்தன.
எதிர்பாராதது:
மணி அடிக்கவில்லை.
நீ எதுவும் தெரியாமல்
உளறி, உளறி, விழுந்தாய்.

கையேட்டில் நாற்பத்தொன்று. பக்கம் அறுநூற்றிரண்டு.
மூன்று முறை பார்த்தோம், அச்சு மாறவில்லை.
தாவெத்தி ஒன்றும் பேசாமல்
அலைகாட்டியின் ஊசியை என் கையில் தந்தான்.
ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டே போனேன்.
முப்பத்தெட்டு, ஊமை.
நாற்பத்தொன்று, ஊமை, எங்கும் போகாத கம்பி.
நாற்பத்து மூன்றில்
பச்சைக் கோடு துள்ளியது.

இருப்பதைச் சொல் என்றாளே,
நான் சொன்னது காகிதத்தில் இருந்ததை.

ஒரே ஓர் எண்ணைத் திருத்தி அனுப்பினேன்.
பர்னோவிலிருந்து ஒற்றை வரி:
"கையேடு வேறு சொல்கிறதே, எப்படித் தெரியும்?"
தொட்டுப் பார்த்தேன் என்று எழுதினேன்.

சைக்கிள் பூட்டு உறைந்திருந்தது.
ஊதி ஊதித் திறந்தேன்.
இன்னும் விடியவில்லை,
அல்லது நான் உள்ளே இருந்தபோது
விடிந்து முடிந்திருந்தது.