மெதுவாக நடக்கும் மழை

ஆய்வகக் கடிதத்தில்
ஒரே ஒரு எண்ணுக்கு அடியில் கோடு.
அது மருந்தின் பெயர்கூட இல்லை,
மருந்து மக்கியபின் மிஞ்சிய எலும்பின் பெயர்.

ஜட்லாந்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையம்:
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஓர் ஆழ்துளைக் கிணறு,
செவ்வாய்தோறும் மீட்டர் பார்க்க நான்.
சம்பளம் கிடையாது, சாவி மட்டும்.

கூட்டத்தில் எல்லாக் கண்களும் எஸ்பென் மேல்.
கிணற்றைச் சுற்றி உழுபவன் அவன்தான்,
டிராக்டர் கடன் இன்னும் பாதி நிற்கிறது.
அவன் பிறக்கும் முன்பே
அந்த மருந்தைத் தடை செய்துவிட்டார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை, முதலில்.

காபி சுற்றி வந்தது.
இரண்டு சர்க்கரைக் கட்டிகள் போட்டுக் கலக்கினேன்.
கோப்பைக்குள் மெல்லக் கரைந்தது
ஒரு பீட் வயல்.

என் வயல் அது, அப்போது.
பிர்கிட் ஏழு மாதம்.
நீல பீப்பாயைத் திறந்து
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
வரிசை வரிசையாகப் போனேன்.
ஒரே வாரத்தில் களை சுருண்டது.
பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள்,
நூல் பிடித்த மாதிரி இருக்கிறதே என்று.
தெளித்த அன்று மாலையே மழை.
நல்ல மழை என்றோம்.

அந்த நல்ல மழைதான்
மணலில் சில வருடம்,
களிமண்ணில் பல வருடம்,
சுண்ணாம்புப் பாறையில் வழி கேட்டுக் கேட்டு
இப்போது வந்து நிற்கிறது
டோர்த்தேயின் சமையலறைக் குழாயில்,
அவள் பால்மாவு கரைக்கும் நேரம் பார்த்து.

எழுந்து நின்றேன்.
"நான்தான்" என்றேன்.
ஒரு கரண்டி தட்டில் விழுந்தது.

எஸ்பென் கோபப்படவில்லை.
விரலை மடக்கி ஏதோ எண்ணினான்.
பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில்:
"அப்படியென்றால்
நான் போன வாரம் தெளித்தது?"

பதில் சொல்ல அங்கே ஆளில்லை.
பதில் சொல்லப்போகிறவர்களுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.

புதுக் கிணற்றைச் சுற்றி
முந்நூறு மீட்டருக்கு மருந்து கூடாது,
ஓக் கன்றுகள் நடுவது, இழப்பை ஊரே பகிர்வது.
கைகள் உயர்ந்தன.
எஸ்பெனின் கை கடைசியாக, பாதி உயரத்துக்கு.
எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை
பழைய பம்பின் விசையை இறக்கினேன்.
முப்பது வருடம் காதில் இருந்த இரைச்சல்
சட்டென்று இல்லை.

அந்த நிசப்தத்தில் தரையைப் பார்த்தபடி நின்றேன்.
பீட் வயலில்
நான் ஒரு வசந்தம் மட்டுமா தெளித்தேன்?
இருபதாவது மீட்டரில் எங்கோ
அடுத்த வருடத்து மழை
இறங்கிக்கொண்டிருக்கிறது.