ஹப் என்பதற்குத் தமிழ்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோப்பு வந்தது.
பஸ், ரயில், மூதூர் போட்
மூன்றும் ஒரே வளவுக்குள் சேரப்போகின்றனவாம்.
பெயர்ப்பலகையில் மூன்று மொழி.
ஆங்கிலம் தயாராக இருந்தது: ட்ரான்ஸ்போட் ஹப்.
சிங்களத்தைச் சந்தமாலி ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு
கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.
தமிழுக்கு விட்ட இடம்
நாலடி நீளம், ஒன்பது அங்குல உயரம்.

மையம் என்று எழுதினேன். வெட்டினேன்.
மையம் என்றதும் கொப்பியில்
கவராயம் குத்திய ஓட்டைதான் கண்ணுக்கு வருகிறது.
முனையம்?
ரயிலுக்குச் சரி. தண்டவாளம் இங்கே
கடலைக் கண்டதும் நின்றுவிடுகிறது.
ஆனால் ரயிலால் இறங்கியவர்கள் நிற்பதில்லையே,
மூட்டையோடு நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்கும் விசாரிக்கிறார்கள்.
அகராதியைத் திறந்தேன்.
வண்டிச் சில்லின் நடுக்கட்டை: குடம்.
போக்குவரத்துக் குடம்!
தனியாகச் சிரித்தேன்,
குழாயடியில் வரிசையில் நிற்கிற பஸ்களை நினைத்து.

பிறகு சந்தி என்று எழுதிவிட்டு
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அநுராதபுரச் சந்தி, அபயபுரச் சந்தி, மட்கோச் சந்தி,
சொன்னால் போதும், கொண்டக்டர் இறக்கிவிடுவார்.
பகலும் இரவும் தொட்டுக்கொள்ளும் பொழுதுக்கும் அதே பெயர்.
இரண்டு சொல் உரசுகையில்
நடுவே முளைக்கும் ஒற்றெழுத்துக்கும் அதே பெயர்தான்.
ஆனாலும்
சந்திகளில்தானே மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள்.
இறங்கி, நடந்து, அட்டையைக் காட்டி, திரும்ப ஏறி
வளர்ந்த என் கை
அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும்
கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கிறது.

"சந்தி எண்டு போட்டா
சந்திதான் சிரிக்கும், நிறோஜினி மிஸ்.
அமைச்சு கேக்கிறது உலகத்தரம்" என்றார்
பிரதம எழுதுவினைஞர் தியாகலிங்கம்.

வீட்டுக்குப் போகையில் சைக்கிளின் பின்சில்லு ஆடியது.
ஹில்மி கடையில் தலைகீழாக நிறுத்திச்
சுழற்றிப் பார்த்தான்.
"ஹப் போயிட்டு."
எதிர்பாராமல் ஊரில் சொந்தக்காரரைக் கண்டதுபோல்
கேட்டுவிட்டேன்: "ஹப்புக்குத் தமிழ் என்ன?"
"ஹப்புதான்" என்றான், போல்ஸ்களைத் தகர மூடியில் கொட்டி.
ஒன்று உடைந்திருந்தது.
மற்றவை கறுத்த கிறீஸில் ஒட்டிக்கிடந்தன.

கழற்றிய சில்லை மடியில் வைத்துக்கொண்டு
முதல்முறையாகப் பார்த்தேன்:
முப்பத்தாறு கம்பி.
ஒன்றுகூட நடுவைப் பார்த்துப் போகவில்லை.
ஓரத்தைத் தொட்டு, சாய்ந்து,
இன்னொன்றின் மேலால் கடந்து
தன் பாட்டுக்கு விலகுகிறது.
நடுவில் இருந்தது ஓர் இருட்டுத் துளை,
என் சுண்டுவிரல் போகும் அளவு.
"விரலை எடுங்க மிஸ், கிறீஸ்" என்றான்.

திங்கள் காலை
போக்குவரத்துச் சந்தி என்று எழுதி,
நடுவிலுள்ள 'ச்' விடுபடக்கூடாது என்று
சிவப்பில் கோடிட்டு அனுப்பினேன்.
இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது:
ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் இடவும்.

இட்டார்கள்.
நீலப் பலகை, வெள்ளை எழுத்து,
ட்ரான்ஸ்போட் கப்.
'ஹ' அந்தக் கணினியில் இல்லையாம்.

முதல் நாள் அதன் கீழே நின்றேன்.
இரண்டு கோழியைக் கால் கட்டித் தூக்கிவந்த ஒரு பெண்
பலகையைப் பார்க்கவேயில்லை.
என்னைத்தான் கேட்டாள்:
"தங்கச்சி, இதில நிண்டா மூதூர் பஸ் வருமா?"

இதில.
அமைச்சுக்கு எழுதத் தோன்றியிருக்கலாம், இந்தச் சொல்லை.
"வரும் அக்கா" என்றேன்.

வந்தது.
பலகையைத் தாண்டி,
புதுக் கூரையையும் தாண்டி,
எப்போதும் நிற்கிற வேம்படியில் போய் நின்றது.
கோழிகளோடு எல்லோரும் ஓடினோம்.